2024 ஜூன் 1 முதல் 4 வரை: எக்ஸிட் போல், முன்னிலை, பங்குச்சந்தை – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மக்களவைத் தேர்தலின் ஏழாம் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1, சனிக்கிழமை முடிந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவுப்படி அன்று மாலை 6.30 மணி வரை எக்ஸிட் போல், அதாவது வாக்களித்து வந்தவர்களிடம் கேட்டுச் செய்யும் கணிப்பு, எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நேரம் முடிந்ததும் எண்கள் கொட்டின. இந்தியா டுடே–ஆக்சிஸ் மை இந்தியா தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் என்றது. டுடேஸ் சாணக்யா 400, அதில் 15 கூடலாம் குறையலாம் என்றது. சி-வோட்டர் 353 முதல் 383 என்றது. ஜன் கி பாத் 362 முதல் 392 என்றது. டைனிக் பாஸ்கர் மட்டும் 281 முதல் 350 என்று அகலமாகப் பிடித்தது.

ஜூன் 4, செவ்வாய் இரவு கணக்கு முடிந்தபோது அந்தக் கூட்டணிக்கு 293, இந்தியா கூட்டணிக்கு 234. பாஜக தனித்து 240. பெரும்பான்மைக்கு வேண்டிய 272க்கு 32 குறைவு. 2019இல் அந்தக் கட்சி 303 பெற்றிருந்தது.

கணிப்பு தவறுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2004இல் வாஜ்பாய் அரசு திரும்பி வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது காங்கிரஸ் 145, பாஜக 138 என்று முடிவு வந்தது. ஆனால் 2024இல் ஆராய வேண்டியது கணிப்பு நிறுவனங்களின் பிழையைவிட அந்த நான்கு நாட்களில் செய்தி அறைகள் எண்களைக் கையாண்ட விதம். மாதிரியிலிருந்து ஊகித்த எண், முகவர் வாய்வழி வந்த எண், பாதி எண்ணிய எண், அலுவலர் கையொப்பமிட்ட எண் ஆகிய நான்கும் திரையில் ஒரே அளவு எழுத்தில், ஒரே நிறத்தில் ஓடின. அவற்றின்மேல் ‘அடுத்து என்ன நடக்கும்’ என்ற செய்திகள் கட்டப்பட்டன. பிசகு அங்கேதான் விளைந்தது.

இடங்களின் எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது

எக்ஸிட் போலில் அளக்கப்படுவது இடம் அல்ல, வாக்கு விழுக்காடு. இடம் என்பது அதற்குமேல் போடும் கணக்கு. இதை நேயருக்கு யாரும் சொல்வதில்லை.

ஆக்சிஸ் நிறுவனம் ஏறத்தாழ 5.8 லட்சம் பேரைக் கேட்டதாகச் சொன்னது. இவ்வளவு பெரிய மாதிரி என்றால் பிழையே இருக்காது என்ற எண்ணம் ஸ்டுடியோக்களில் பரவியிருந்தது. எளிய கணக்கு ஒன்று போடலாம். 5.8 லட்சத்தை 543 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்குச் சுமார் 1,070 பேர். 1,070 பேர் கொண்ட மாதிரியில் ஒரு கட்சியின் வாக்கு விழுக்காடு மேலும் கீழும் 3 புள்ளி விலகலாம். இருமுனைப் போட்டியில் முதலிரண்டு பேருக்கு இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 6 புள்ளி வரை தப்பலாம். நெருக்கமான தொகுதி ஒவ்வொன்றிலும் யார் வெல்வார் என்பது அந்த 6 புள்ளிக்குள்தான் கிடக்கிறது. தேசிய அளவில் மாதிரிப் பிழை துளியளவு என்பதும் உண்மை, தொகுதி அளவில் அது பெரியது என்பதும் உண்மை. திரைக்கு முதல் உண்மை மட்டும் வந்தது.

மாதிரியின் அளவைக் கூட்டினாலும் தீராத பிழை இன்னொன்று உண்டு. பதில் சொல்ல மறுப்பவர்கள் ஒரு பக்கமே கூடுதலாக இருந்தால், ஆயிரம் பேரைக் கேட்டாலும் பத்து லட்சம் பேரைக் கேட்டாலும் சாய்வு அப்படியே நிற்கும். ஆளும் கட்சிக்கு எதிராக வாக்களித்த ஏழை, தலித், இஸ்லாமிய வாக்காளர், கையில் டேப்லெட்டோடு வரும் அந்நியரிடம் மனம் திறப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சாதி, பாலினம், வயது என்று எடை போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் பதில் சொன்ன தலித் வாக்காளரும் பதில் சொல்லாத தலித் வாக்காளரும் ஒரே மாதிரி வாக்களித்தார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எடை வேலை செய்யும்.

விழுக்காட்டை இடமாக மாற்றும்போது பிழை பெருகுவதற்கு இந்தத் தேர்தலே நல்ல சான்று. பாஜகவின் தேசிய வாக்கு விழுக்காடு 2019இல் 37.36, 2024இல் 36.56. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, 63 இடங்கள் போயின. காங்கிரஸ் 19.49இலிருந்து 21.19க்கு ஏறியது, இடங்கள் 52இலிருந்து 99 ஆயின. தேசிய விழுக்காட்டைச் சரியாகப் பிடித்த ஒருவர்கூட இடத்தில் தடுமாறியிருக்க முடியும். உள்ளே பார்த்தால் உத்தரப் பிரதேசத்தில் பாஜக 49.98இலிருந்து 41.37க்கு இறங்கி 62 இடங்களிலிருந்து 33க்கு வந்திருந்தது. அந்த இறக்கத்தை ஒடிசா, தமிழ்நாடு போன்ற இடங்களில் வந்த ஏற்றம் தேசியச் சராசரியில் மூடிவிட்டது.

மாநிலம் மாநிலமாகப் பார்த்தால் பிழை எவ்வளவு குவிந்திருந்தது என்று தெரியும். ஆக்சிஸ் கணிப்பில் உத்தரப் பிரதேசத்தில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 67 முதல் 72, வந்தது 36. மேற்கு வங்கத்தில் பாஜகவுக்கு 26 முதல் 31, வந்தது 12. மகாராஷ்டிரத்தில் கூட்டணிக்கு 28 முதல் 32, வந்தது 17. மூன்று மாநிலங்களில் மட்டும் கணிப்பின் கீழெல்லைக்கும் முடிவுக்கும் இடையே 56 இடங்கள். தேசியக் கீழெல்லையான 361க்கும் 293க்கும் இடைவெளி 68.

தமிழ்நாட்டில் இதே பிழை வேறு உருவில் வந்தது. இங்கே பாஜக அணிக்கு 2 முதல் 4 இடம் வரை சில கணிப்புகள் கொடுத்தன. பாஜக தனியாக 11.24 விழுக்காடும் அணியாக 18 விழுக்காட்டுக்கு மேலும் வாங்கியது; வளர்ச்சியைக் கணிப்பு சரியாகவே மோப்பம் பிடித்தது. ஆனால் திமுக அணி ஒன்றாக நிற்க, எதிர்ப்பு வாக்கு அதிமுக, பாஜக என்று இரண்டாகப் பிரிந்தால் 18 விழுக்காட்டுக்கு இடம் கிடைக்காது. 39இல் 39ம் திமுக அணிக்குப் போனது. கணிப்பை வாங்கி வெளியிடுபவர் ‘எத்தனை இடம்’ என்று மட்டும் கேட்காமல் ‘எத்தனை விழுக்காடு, எந்தச் சூத்திரத்தில் மாற்றினீர்கள், உங்கள் கணக்கில் 5 புள்ளிக்குள் நிற்கும் தொகுதிகள் எத்தனை’ என்று கேட்டிருந்தால் அந்த 2 முதல் 4 என்பது இரண்டாம் இடத்துக்கான எண் என்று பிடிபட்டிருக்கும்.

செய்தி ஒளிபரப்பாளர்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த தேர்தல் ஒளிபரப்பு நெறிமுறையில், கணிப்பை யார் செய்யச் சொன்னார்கள், யார் செய்தார்கள், எந்த முறை, மாதிரி எவ்வளவு, பிழை வரம்பு என்ன என்பதை நேயருக்குச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஜூன் 1 மாலை பல திரைகளில் மாதிரியின் அளவு மட்டும் வந்தது, அதுவும் பெருமைக்குரிய எண்ணாக. ‘போல் ஆஃப் போல்ஸ்’ என்று எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டவர்கள் நிலைமையை மேலும் கெடுத்தார்கள். பிழைகள் ஒன்றுக்கொன்று எதிராக விழுந்தால்தான் சராசரி உதவும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது சராசரி எடுப்பது சாய்வைத்தான் உறுதிப்படுத்தும்.

சனி, ஞாயிறு, திங்கள்

கணிப்பு வந்தது சனிக்கிழமை மாலை. சந்தை திறப்பது திங்கள் காலை. நடுவில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கால இடைவெளிதான் ‘விளைவு’ செய்திகள் பெருகிய நிலம்: மூன்றாவது ஆட்சியின் முதல் 100 நாள் திட்டம், எந்தப் பங்குகள் ஏறும், எந்தச் சட்டத் திருத்தம் வரும். இவற்றில் பெரும்பாலானவை ‘ஒருவேளை 350 வந்தால்’ என்று தொடங்கவில்லை. 350 வந்துவிட்டதாகவே எழுதப்பட்டன.

இதற்கு முன்னுரையும் இருந்தது. மே 13 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஜூன் 4க்கு முன் பங்குகள் வாங்கிக்கொள்ளுங்கள், சந்தை ஏறும் என்ற பொருளில் பேசியிருந்தார். அமைச்சர் சொல்வது செய்திதான். ஆனால் அதை வெளியிட்ட இடத்திலேயே 2004 மே 17இல் என்ன நடந்தது என்று ஒரு பத்தி சேர்த்திருக்க வேண்டும். அன்று மும்பைப் பங்குச்சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் 11 விழுக்காட்டுக்கு மேல் சரிந்து, வர்த்தகம் இரண்டு முறை நிறுத்தப்பட்டது. எதிர்பாராத தேர்தல் முடிவு சந்தையை என்ன செய்யும் என்பதற்கு நம்மிடமே சான்று இருந்தது.

ஜூன் 3 திங்களன்று சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறி 76,468.78இல் முடிந்தது. ஜூன் 4 அன்று 4,389.73 புள்ளி இறங்கி 72,079.05இல் முடிந்தது, தேசியப் பங்குச்சந்தையின் குறியீட்டெண்ணான நிஃப்டி 5.93 விழுக்காடு சரிந்தது. திங்களன்று அதிகம் ஏறிய பொதுத்துறை நிறுவனப் பங்குகளே செவ்வாயன்று அதிகம் அடிவாங்கின. அரசின் மூலதனச் செலவை நம்பி வாங்கிய பங்குகள் அவை. அன்றாட நுகர்பொருள் நிறுவனங்களின் பங்குகள் அதே நாளில் ஏறின. ‘சந்தை வீழ்ந்தது’ என்ற ஒற்றை வரியில் இந்தப் பிரிவு மறைந்துபோனது. கூட்டணி ஆட்சியில் பணம் எந்தப் பக்கம் நகரும் என்று முதலீட்டாளர்கள் நினைத்தார்கள் என்பது அந்தப் பிரிவில்தான் இருந்தது.

அன்று மாலைத் தலைப்புகளில் ‘31 லட்சம் கோடி ரூபாய் இழப்பு’ என்பது முதலிடம். மும்பைப் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் மொத்தச் சந்தை மதிப்பு ஒரே நாளில் அந்த அளவு குறைந்தது உண்மை. ஆனால் அது கைவிட்டுப் போன பணம் அல்ல. எல்லாப் பங்குகளையும் அன்றைய கடைசி விலையால் பெருக்கிக் கிடைக்கும் மதிப்பு. அன்று விற்றவருக்குத்தான் அது இழப்பு. ஜூன் 7 வெள்ளியன்று சென்செக்ஸ் 76,693.36இல் முடிந்தது, அதாவது திங்களன்று இருந்ததற்கும் மேலே. திங்களன்று கடனில் வாங்கிச் செவ்வாயன்று விற்க நேர்ந்த சிறு முதலீட்டாளருக்கு அந்த மீட்சி பயன்படவில்லை. அவரைப் பற்றிய செய்திகள் குறைவு. எழுதப்பட்டிருக்க வேண்டியவை அவையே.

ஜூன் 6 அன்று ராகுல் காந்தி, தலைவர்களின் பேச்சையும் எக்ஸிட் போலையும் சேர்த்து நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டார், பாஜக மறுத்தது. இந்த இடத்தில் நிருபருக்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கணிப்பு வந்தது, சந்தை ஏறியது என்பது வரிசை. கணிப்பால்தான் சந்தை ஏறியது என்பது பெருமளவு நியாயமான அனுமானம். வேண்டுமென்றே ஏற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதக் கூடாது.

எண்ணும் அறை

ஜூன் 4 காலை நடந்ததைப் புரிந்துகொள்ள, எண்ணிக்கை மையத்திலிருந்து எண் வெளியே வரும் இரண்டு வழிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வழி அலுவல்முறை. காலை 8 மணிக்குத் தபால் வாக்குகள், 8.30க்கு இயந்திரங்கள். ஒரு மக்களவைத் தொகுதியில் உள்ள ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் தனி அறை, வழக்கமாக 14 மேசை. ஒரு சுற்று என்றால் 14 வாக்குச்சாவடிகளின் கட்டுப்பாட்டுக் கருவிகள், அதாவது வாக்குகள் பதிவாகியிருக்கும் இயந்திரப் பகுதிகள். ஒவ்வொரு கருவியின் மொத்த வாக்கும் படிவம் 17சியில் வாக்குப்பதிவு நாளன்று எழுதிய எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். சுற்று முடிந்ததும் தேர்தல் ஆணையத்தின் பார்வையாளர் இரண்டு கருவிகளைத் தற்செயலாக எடுத்துச் சரிபார்ப்பார். அதன்பின் தேர்தல் அலுவலர் கையொப்பமிட்டு, ஆணையத்தின் ‘என்கோர்’ மென்பொருளில் பதிவு செய்வார். பிறகே இணையதளத்தில் தெரியும்.

இரண்டாம் வழி வேகமானது. மேசைக்கு எதிரே கம்பிவலைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தாளில் குறித்துக்கொள்வார்கள். கைபேசிக்கு அனுமதி இல்லை. தகவல் வாயிலில் நிற்பவரிடம் போகும், அங்கிருந்து சேனலின் பகுதிநேர நிருபருக்கு, அவரிடமிருந்து தலைமையகத்தின் தரவு மேசைக்கு. இது வேகமான வழி, ஆனால் ஒவ்வொரு கைமாற்றிலும் இலக்கம் இடம் மாறலாம், முகவர் தம் கட்சிக்குச் சாதகமான மேசையின் எண்ணை மட்டும் சொல்லலாம், 4ஆம் சுற்று என்று சொன்னது ஓர் அறையின் 4ஆம் சுற்றாகவும் மற்ற அறைகளின் 2ஆம் சுற்றாகவும் இருக்கலாம். மக்களவைத் தொகுதிக்கு ‘சுற்று’ என்று ஒரே எண் கிடையாது என்பதைப் புதிய நிருபர்கள் அறிவதில்லை. ஆறு அறைகள் ஆறு வேகத்தில் நகரும்.

இப்போது அளவுகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 39 தொகுதிகள், சுமார் 68,000 வாக்குச்சாவடிகள். தொகுதிக்கு ஏறத்தாழ 1,750. ஆறு சட்டமன்றப் பகுதிகள், பகுதிக்கு 14 மேசை என்றால் ஒரு சுற்றில் 84 சாவடிகள். அதாவது முதல் சுற்று முடியும்போது எண்ணப்பட்டது 5 விழுக்காடுகூட இல்லை. முழுதும் முடிய 20 சுற்றுக்கு மேல் ஆகும். சாவடிக்கு 630 வாக்கு என்று வைத்தால் சுற்றுக்குச் சுமார் 53,000 வாக்கு. மூன்றாம் சுற்றில் 5,000 வாக்கு முன்னிலை என்பது எண்ணியதில் 3 விழுக்காடு, எண்ண வேண்டியது இன்னும் ஒன்பது லட்சத்துக்கு மேல்.

அந்த முதல் 5 விழுக்காடும் தொகுதி முழுவதிலிருந்தும் தூவி எடுத்ததல்ல. சாவடிகளுக்கு எண் வரிசையாகக் கொடுக்கப்படுகிறது. அடுத்தடுத்த ஊர்களுக்கு அடுத்தடுத்த எண். எண்ணும்போதும் அதே வரிசை. எனவே முதல் சுற்றுகள் ஒவ்வொரு பகுதியின் ஒரு மூலையிலிருந்து வருகின்றன. தர்மபுரியில் பாமகவின் சௌமியா அன்புமணி தொடக்கச் சுற்றுகளில் முன்னிலையில் இருந்தார். கடைசியில் திமுகவின் ஆ. மணி 21,300 வாக்கில் வென்றார். விருதுநகரில் தேமுதிகவின் விஜய பிரபாகரனும் காங்கிரஸின் மாணிக்கம் தாகூரும் மாறி மாறி முந்தினார்கள். இறுதி வித்தியாசம் 4,379. வாரணாசியில் முதல் சுற்றின் பின் பிரதமர் மோடி 6,000 வாக்குக்கு மேல் பின்தங்கியிருந்தார் என்பது நாடு முழுவதும் சிவப்பு எழுத்தில் ஓடியது. அவர் 1,52,513 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பின்னடைவுச் செய்தி பொய்யல்ல. ஆனால் எத்தனை விழுக்காடு எண்ணியபின் என்ற எண் இல்லாமல் அதற்குப் பொருளும் இல்லை.

8 மணி 5 நிமிடத்துக்கே ‘150 இடங்களில் முன்னிலை’ என்று ஓடும் பலகைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அந்நேரம் தபால் வாக்கு உறைகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். உறைக்குள் உறை, உறுதிமொழிப் படிவம், கையொப்பச் சரிபார்ப்பு, ராணுவத்தினரின் உறைகளுக்குக் கியூஆர் குறியீட்டு ஸ்கேன் என்று அது மெதுவான வேலை. 2024 அக்டோபரில் அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமார் இதை வெளிப்படையாகவே கண்டித்தார்: இயந்திர எண்ணிக்கை 8.30க்குத்தான் தொடங்குகிறது, ஆணையத்தின் தளத்தில் முதல் நிலவரம் 9.30 வாக்கில்தான் வருகிறது, அதற்கு முன் வரும் முன்னிலை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கேள்வி சரியானது. எக்ஸிட் போலை நியாயப்படுத்தும் வடிவில் காலை 8.10 முன்னிலைகள் அமைந்துவிடும் ஆபத்து உண்மையானது.

தரவு மேசையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் இல்லாதது. ஒவ்வொரு தொகுதி முன்னிலைக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள்: எண்ணப்பட்ட மொத்த வாக்கு, பதிவான மொத்த வாக்கு. இரண்டாவது எண்ணை எண்ணிக்கை நாளுக்கு முன்பே கையில் வைத்திருக்க வேண்டும். 2024இல் இதுவே ஒரு பெரிய சிக்கலாக இருந்தது. முதல் கட்ட வாக்குப்பதிவின் இறுதி விழுக்காடு 11 நாள் கழித்து ஏப்ரல் 30இல்தான் வந்தது, அதுவும் விழுக்காடாக மட்டும். வாக்குகளின் முழு எண்ணிக்கையைக் கேட்டு வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் மே 24இல் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. மறுநாள் ஆணையமே ஐந்து கட்டங்களுக்குமான தொகுதிவாரி எண்களை வெளியிட்டது. அந்த எண்களை இறக்கித் தங்கள் அட்டவணையில் ஏற்றியவர்கள் ஜூன் 4 காலையில் ‘இவர் முன்னிலை, 7 விழுக்காடு எண்ணப்பட்டுள்ளது’ என்று எழுத முடிந்தது.

‘வெற்றி’ என்று எப்போது எழுதுவது? மீதியுள்ள வாக்கு முன்னிலையைவிடக் குறைவு என்றால் கணக்குப்படி முடிந்தது. அதற்கு முன்னர் எழுதுவதென்றால், மீதமுள்ள சாவடிகள் எந்த ஊர்களில் இருக்கின்றன, போன முறை அங்கே யாருக்கு விழுந்தது என்று படிவம் 20ஐ வைத்துப் பார்த்தபின் ‘வெற்றி முகம்’ என்று மட்டும் எழுதலாம். படிவம் 20 சாவடிவாரி முடிவுகளைத் தரும் ஆவணம். தலைமைத் தேர்தல் அதிகாரிகளின் தளங்களில் கிடைக்கும். முறையான வெற்றி என்பது அலுவலர் அறிவித்து, படிவம் 22இல் சான்றிதழ் கொடுத்த பிறகே.

நாற்பத்தெட்டு வாக்குகள்

இந்த ஒழுங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு மும்பை வடமேற்குத் தொகுதி போதும். இயந்திர வாக்கில் உத்தவ் சிவசேனையின் அமோல் கீர்த்திகருக்கு 4,51,095. ஷிண்டே சிவசேனையின் ரவீந்திர வாய்கருக்கு 4,51,094. ஒரு வாக்கு. தபாலில் கீர்த்திகருக்கு 1,501, வாய்கருக்கு 1,550. கூட்டினால் வாய்கருக்கு 48 வாக்கு வெற்றி. இயந்திர எண்ணிக்கை முடிந்ததும் கீர்த்திகர் வென்றதாக எழுதியவர்கள் தபால் வாக்கை மறந்தார்கள். செல்லாது என்று ஒதுக்கிய தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிட வித்தியாசம் குறைவாக இருந்தால் அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. இங்கே அதுவும் நடந்தது.

கதை அங்கே முடியவில்லை. எண்ணிக்கை மையத்துக்குள் வேட்பாளரின் உறவினர் ஒருவர் கைபேசி வைத்திருந்ததாகக் காவல்துறையில் வழக்குப் பதிவானது. ஜூன் 16 அன்று ஒரு நாளிதழ், அந்தக் கைபேசிக்கு வந்த ஓடிபி கொண்டு வாக்குப்பதிவு இயந்திரமே திறக்கப்பட்டதாக எழுதியது. நாடெங்கும் பற்றிக்கொண்டது. அன்றே தேர்தல் அலுவலர் விளக்கினார்: இயந்திரம் எந்த வலைப்பின்னலோடும் இணைக்கப்படாதது, அதைத் திறக்க ஓடிபி என்ற ஒன்றே இல்லை. ஓடிபி கேட்பது ‘என்கோர்’ தளத்தில் நுழைய, அதாவது எண்ணி முடித்த எண்களைத் தட்டச்சு செய்ய. நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. மேலே சொன்ன இரண்டு வழிகளும் நிருபருக்குத் தெரிந்திருந்தால் இயந்திரத்தையும் தரவுப் பதிவையும் குழப்பியிருக்க மாட்டார். தடை செய்த இடத்தில் கைபேசி எப்படி வந்தது என்ற நியாயமான கேள்வி அந்தக் குழப்பத்தில் அமுங்கிப்போனதுதான் பெரிய நஷ்டம்.

களத்தில் இருந்த செய்தி

ஸ்டுடியோ தவறவிட்டதைக் களம் பார்த்திருந்தது. ஃபைசாபாத்தில் பாஜக வேட்பாளர் லல்லு சிங், அரசியலமைப்பை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று ஏப்ரலில் பேசிய காணொளி பரவியது. இட ஒதுக்கீடு போய்விடுமோ என்ற அச்சம் உத்தரப் பிரதேசத்தின் தலித் குடியிருப்புகளில் பேச்சாக இருந்ததை, அங்கே தங்கிக் கேட்ட நிருபர்கள் எழுதினார்கள். அயோத்தி அடங்கிய அந்தப் பொதுத் தொகுதியில் சமாஜ்வாதியின் தலித் வேட்பாளர் அவதேஷ் பிரசாத் 54,567 வாக்கில் வென்றார். மகாராஷ்டிரத்தின் நாசிக், திண்டோரி பக்கம் வெங்காய ஏற்றுமதித் தடை 2023 டிசம்பரில் வந்து 2024 மே 4 வரை நீடித்தது; விவசாயிகளின் கோபம் மண்டிகளில் வெளிப்படையாகவே இருந்தது. திண்டோரியில் மத்திய இணையமைச்சர் பாரதி பவார் தோற்றார்.

களச் செய்தியிலும் பலவீனம் உண்டு. பத்து ஊரில் கேட்ட கோபம் எத்தனை வாக்காகும் என்று அதனால் சொல்ல முடியாது. ஆனால் கணிப்பின் எண்ணை எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். 67 முதல் 72 என்ற உத்தரப் பிரதேச எண் மேசைக்கு வந்ததும் அந்த மாநிலத்தில் ஆறு வாரம் சுற்றிய நிருபரை அழைத்து ‘இது பொருந்துகிறதா’ என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். அவர் பதிலை எண்ணுக்குப் பக்கத்திலேயே வெளியிட்டிருக்கலாம். பெரும்பாலான இடங்களில் களநிருபரின் தொடர் மே மாத இறுதியோடு முடிந்து, ஜூன் 1 மாலை நிபுணர் குழு உட்கார்ந்தது.

விளைவை எழுதும் கணக்கு

விளைவுகளை முன்கூட்டி எழுதக் கூடாது என்பதல்ல. எழுதியே ஆக வேண்டும், வாசகருக்கு அதுதான் தேவை. ஒரே எண்ணில் தொங்கவிடாமல் படிகளில் எழுத வேண்டும். மக்களவையில் இந்தப் படிகள் தெளிவானவை. 272: ஆட்சி, வரவுசெலவு, சாதாரண மசோதா. ஒரு கட்சிக்குத் தனியாக 272: கூட்டாளிகளைக் கேட்காமல் அவற்றைச் செய்யும் வலு. 362: எல்லோரும் வந்து வாக்களித்தால் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மக்களவையில் வேண்டியது. ‘நானூறு’ என்பது பாஜகவின் முழக்கமே தவிர சட்டத்தில் அதற்கு எந்தப் படியும் இல்லை. இந்த மூன்று படிகளுக்கும் தனித்தனிக் குறிப்புகள் மே மாதமே தயாராக இருந்திருந்தால் ஜூன் 4 மதியம் முதல் படிக்கானதை எடுத்து வெளியிட்டிருக்கலாம்.

அன்று மாலையே பரவிய இன்னொரு பேச்சு, தெலுங்கு தேசத்தின் சந்திரபாபு நாயுடுவோ ஐக்கிய ஜனதா தளத்தின் நிதிஷ் குமாரோ யாராவது ஒருவர் நகர்ந்தாலே ஆட்சி கவிழும் என்பது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். 293இலிருந்து தெலுங்கு தேசத்தின் 16 போனால் 277. ஐக்கிய ஜனதா தளத்தின் 12 போனால் 281. இரண்டும் போனால்தான் 265, பெரும்பான்மைக்குக் கீழே. இரண்டும் எதிரணிக்குப் போனாலும் 234 கூட்டல் 28 என்பது 262. அங்கேயும் 272 இல்லை. ஆக அந்த இருவருக்கும் கிடைத்தது ஆட்சியைக் கவிழ்க்கும் வலுவைவிட விலை கேட்கும் வலு. இதைச் சரியாகப் படித்தவர்கள் ஆந்திரத்தின் அமராவதி தலைநகரம், போலாவரம் அணை, பிகாரின் சிறப்பு அந்தஸ்து என்று பழைய கோரிக்கைப் பட்டியல்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஜூலை 22 அன்று பிகாருக்குச் சிறப்பு அந்தஸ்து இல்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. மறுநாள் வரவுசெலவுத் திட்டத்தில் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடும் பிகார் சாலைகளுக்கு 26,000 கோடியும் வந்தன.

மற்ற இரண்டு படிகளும் பின்னர் அவையிலேயே தெரிந்தன. 2024 டிசம்பர் 17இல் ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான அரசியலமைப்புத் திருத்த மசோதா அறிமுகமானபோது ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் அது தாண்டியது. நிறைவேற்றும் வாக்கெடுப்பாக இருந்திருந்தால் வாக்களித்த 467 பேரில் 312 வேண்டியிருந்திருக்கும். மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதா 288க்கு 232 என்று நிறைவேறியது, தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் ஆதரித்து வாக்களித்தன. அது சாதாரணச் சட்டம். 272 படியிலேயே முடிந்துவிட்டது.